ஆறப்போடுகிற கல்லூரிகள்

‘ஸ்டூடண்ட் சக்சஸ்’, ‘ஈக்விட்டி’. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டு சொற்களையும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாணவர் வெற்றி, சமபங்கு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. யாரு வேண்டாம்பாங்க? ஆனால் நல்ல சொல்லைக் கேட்டதும் கைதட்டுகிற பழக்கத்தை நாம் விட்டு ரொம்ப நாளாகிறது. ‘ஹரிஜன்’ என்பதும் ஒரு காலத்தில் நல்ல சொல்லாகத்தான் நமக்குத் தரப்பட்டது. சொல் யார் வாயிலிருந்து வருகிறது, அது வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன சொல் இருந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்க்கிற முயற்சிதான் இது. அமெரிக்காக்காரன் கல்லூரிக் கதை நமக்கு எதுக்கு என்று தோழர்கள் கேட்கலாம். அந்தக் கல்லூரியை நம்ம ஊருக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். கொண்டுவரும்போது எதை எடுத்துக்கொண்டார்கள், எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1

முதலில் இது என்ன கல்லூரி என்று சொல்லிவிடுகிறேன். இல்லினாய் மாநிலத்தில் 1901இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரியைத்தான் இந்த வகையில் முதலாவது என்கிறார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு. பள்ளி முடித்த யாரும் சேரலாம். கட்டணம் பல்கலைக்கழகத்தைவிட மிகக் குறைவு. இதில் முக்கியமானது, இரண்டு ஆண்டு இங்கே படித்துவிட்டு, படித்த பாடங்களைக் கணக்கில் காட்டி, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நேராகப் போய்ச் சேரலாம் என்கிற ஏற்பாடு. ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் இந்தக் கல்லூரிகளை நாடு முழுக்கப் பரப்பச் சொன்னது.

கலிபோர்னியா 1960இல் ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிக்கிறவர்களில் மேலே இருக்கும் எட்டில் ஒரு பங்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு. மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வருகிறவர்களுக்கு மாநிலக் கல்லூரி. மிச்சம் எல்லாரும் ஜூனியர் காலேஜுக்கு. மூன்று அடுக்கு. பிறப்பால் பிரிக்கவில்லை, மார்க்கால் பிரிக்கிறோம் என்றார்கள். ஆனால் யாருடைய பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை, யாருடைய தெருவில் பள்ளிக்கூடமே சரியில்லை என்று பார்த்தால் மார்க்குக்குள் ஒளிந்திருக்கும் பிறப்பு வெளியே வந்துவிடும். இன்றைக்குக் கலிபோர்னியாவில் மட்டும் இந்தக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. படிக்கிறவர்கள் சுமார் இருபது லட்சம் பேர். கறுப்பர்கள், லத்தீனோக்கள், புலம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள், பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வகுப்புக்கு வருகிறவர்கள், கைக்குழந்தைத் தாய்மார்கள் என்று, வேறு எங்கேயும் போக முடியாதவர்கள் நிறையப் பேர் வந்து சேருகிற இடம்.

அமெரிக்கா முழுக்க இந்தக் கல்லூரிகளில் சேரும்போது மாணவர்களில் நூற்றுக்குச் சுமார் 80 பேர் நாலு வருஷப் பட்டம் வாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். 2024இல் வந்த கணக்குப்படி, ஆறு ஆண்டுக்குள் அந்தப் பட்டத்தை வாங்கியவர்கள் 16 சதவீதம். கறுப்பு மாணவர்களில் 9 சதவீதம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனவர்கள் எங்கே போனார்கள்?

2

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவர் பர்ட்டன் கிளார்க் என்கிற சமூகவியலாளர். சான் ஹோசே ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து 1960இல் ஒரு கட்டுரையும் ஒரு புத்தகமும் எழுதினார். கட்டுரையின் தலைப்பிலேயே ‘கூலிங் அவுட்’ என்ற சொல் இருக்கிறது. அது மோசடிக்காரர்களின் தொழில் சொல். ஒருத்தனை ஏமாற்றிப் பணத்தைப் பிடுங்கின பிறகு, அவன் போலீசுக்குப் போகாமல், கூச்சல் போடாமல் இருக்க வேண்டுமே. அதற்காகக் கும்பலில் ஒருத்தன் பின்தங்குவான். ஏமாந்தவன் தோளில் கை போட்டு, ‘விதிப்பா, விடு, வேற வழி பாத்துக்கலாம்’ என்று சூட்டைத் தணிப்பான். எர்விங் கோஃப்மன் 1952இல் இதை எழுதியிருந்தார். கிளார்க் அதைக் கல்லூரிக்குப் பொருத்திக் காட்டினார்.

கல்லூரி யாரையும் ‘வெளியே போ’ என்று சொல்வதில்லை. சேரும்போது ஒரு நுழைவுச் சோதனை. மார்க் குறைந்தால் அடிப்படை வகுப்பு. பிறகு ஆலோசகரோடு பேச்சு. பிறகு ‘முன்னேற்றம் தேவை’ என்று ஒரு கடிதம். பிறகு தகுதிகாண் பட்டியலில் பெயர். ஒவ்வொரு தாளும் அவன் கோப்பில் சேருகிறது. கடைசியில் ஆலோசகர் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ஜினியர் ஆக வந்தவனிடம் மெக்கானிக் படிப்பைப் பற்றி அன்பாக எடுத்துச் சொல்கிறார். அவனும் தானே முடிவெடுத்ததாக நினைத்துக்கொண்டு போகிறான். கல்லூரி தோற்கவில்லை, சமூகம் தோற்கவில்லை, அவன்தான் தன் அளவைத் தெரிந்துகொண்டான். எல்லாருக்கும் ஆசை காட்டிவிட்டுச் சிலருக்கு மட்டும் இடம் வைத்திருக்கிற சமூகத்துக்கு இது தேவையான வேலை என்பது கிளார்க்கின் வாதம். அவர் இதைக் கண்டிக்கவில்லை. 1980இல் மறுபடி எழுதியபோதும், இதைவிட மோசமான வழிகள் இருக்கின்றன என்றுதான் நின்றார். கண்டித்தவர்கள் பிறகு வந்தார்கள். 1972இல் ஜெரோம் கராபெல், இந்தக் கல்லூரிகள் வர்க்கப் பிரிவினையை அழிக்கவில்லை, கல்விக்குள்ளேயே அதற்கு ஒரு அடுக்குக் கட்டித் தருகின்றன என்று எழுதினார்.

கூலிங் அவுட்டுக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை. நம்மிடம் இருக்கிறது: ஆறப்போடுவது. வன்கொடுமை வழக்குப் பதியச் சொல்லி நம்ம சனங்க ஸ்டேஷனுக்குப் போனா, ‘ரெண்டு நாள் போகட்டும், ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’ என்பார்களே, அதுதான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. வழக்கும் அப்படித்தான், படிப்பும் அப்படித்தான்.

எனக்கும் அது நடந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் பி.ஏ. விண்ணப்பம் வாங்கப் போனேன். அம்மா நடவுக்குப் போய்ச் சேர்த்த காசு சட்டைப்பையில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பேராசிரியர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். சாதிச் சான்றிதழைப் பார்த்தார். கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். ‘தம்பி, இங்கிலீஷ்ல நாப்பத்தொண்ணு. மூணு வருஷம் உக்காந்து அரியர் எழுதிக்கிட்டுக் கெடப்ப. ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் சேரு. கையில தொழில் இருந்தா ஒன் குடும்பம் பொழச்சுக்கும். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.’ திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அன்பாகப் பேசியதால் எனக்கு அவர் சொல்வது சரி என்றே பட்டது. விண்ணப்பம் வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன். ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்த எங்க தெரு அண்ணன் ஒருத்தர், ‘நீ ஏண்டா ஃபாரம் வாங்கல?’ என்று கேட்டு, மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு போனதால் நான் இன்றைக்கு எம்.ஏ. தமிழ்.

ஃபிட்டர் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. கைத்தொழிலால்தான் இந்த நாடு நிற்கிறது, அதைச் செய்கிறவர்கள் நாம். என் கேள்வி வேறு. அந்த மேசையில் யாரிடம் இந்தப் புத்திமதி சொல்லப்படுகிறது, யாரிடம் சொல்லப்படுவதில்லை? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு இந்த மண் எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. அரசாணையாக வந்ததைத் துரத்திவிட்டோம். ஆலோசனையாக வருவதை என்ன செய்வது?

3

ஆறப்போடுவதற்கு அந்தக் கல்லூரிகள் வைத்திருந்த பெரிய கருவி நுழைவுச் சோதனை. அக்யூபிளேசர், காம்பஸ் என்று அதற்குப் பெயர்கள். சேர வந்த அன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஒரு மணி, ரெண்டு மணி நேரச் சோதனை. அதில் குறைந்தால் ‘ரெமெடியல்’, அதாவது குறைதீர்க்கும் வகுப்பு. ஒரு வகுப்பு அல்ல, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று, நான்கு படிகள்கூட. இந்த வகுப்புகளுக்குப் பணம் கட்டணும், உதவித்தொகை கரையும், ஆனால் பட்டத்துக்கான கணக்கில் சேராது. ஒன்றரை வருஷம் படித்த பிறகும் கல்லூரிப் படிப்பு இன்னும் தொடங்கவில்லை என்றால் எவன் தங்குவான்? நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2010 வாக்கில் இதை எண்ணிப் பார்த்தது. அந்தப் படிகளில் தேர்வெழுதித் தோற்றவர்களைவிட, ஒரு படிக்குப் பேரே பதியாமல் நின்றுபோனவர்கள்தான் அதிகம். 2012இல் வந்த ஆய்வு இன்னும் மேலே போனது. சோதனை, கணக்கில் நாலில் ஒருவரையும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரையும் தவறான இடத்தில் உட்காரவைத்திருந்தது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்திருந்தாலே இதைவிடச் சரியாகக் கணித்திருக்கலாம்.

அப்படியானால் அரை நூற்றாண்டாக ‘தயாராகாதவர்கள்’ என்று முத்திரை குத்தி உட்காரவைக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள். தயாராகாமல் இருந்தது கல்லூரி.

கலிபோர்னியா 2017இல் ஏபி 705 என்ற சட்டத்தை இயற்றியது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து, முடிந்தவரை நேராகக் கல்லூரிப் பாடத்திலேயே உட்காரவை, கூடுதல் உதவி தேவையென்றால் அதே பருவத்தில் கூடவே கொடு என்றது. 2022இல் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. முதல் ஆண்டிலேயே கல்லூரிக் கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிப்பவர்கள் முன்பைவிடப் பெரிய அளவில் கூடினார்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நடுவில் இருந்த இடைவெளி மூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தரம் கெட்டுப்போகும் என்று ஆசிரியர்களில் ஒரு சாரார் எதிர்த்தார்கள். தரம்! இட ஒதுக்கீடு என்றதும் நம்ம ஊரில் எழுகிற அதே கூக்குரல். ஆனால் அவர்களில் சிலரது கவலை நியாயமானது: கூடவே கொடு என்ற உதவி கொடுக்கப்படாமல், வகுப்பை மட்டும் எடுத்துவிட்டால் என்னாகும்? அந்தக் கேள்வியை ஒதுக்கக் கூடாது.

தமிழ் படித்தவன் என்பதால் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் கதவு திறந்தபோது வந்த பிள்ளைகளின் ‘பிழை’ நிறைந்த கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் படித்து, மினா ஷானெஸி 1977இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பிழைகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, எழுதியவனுக்கு மூளை இல்லாமல் இல்லை, அவன் யோசிப்பதன் தடம் அது என்று காட்டினார். அதற்கு முன்பே 1974இல் அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர்களின் மாநாட்டமைப்பு, மாணவருக்குத் தன் சொந்த மொழிவழக்கின் மீது உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டது. சேரித்தமிழில் எழுதினால் கொச்சை என்று புறந்தள்ளிய புலவர் பெருமக்களோடு தலித் இலக்கியம் போட்ட சண்டை எது என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு மை யார் பேச்சைப் பிழையாக்குகிறது என்பது அங்கேயும் இங்கேயும் ஒரே கேள்வி.

4

சரி, இந்தக் கல்லூரிகளில் பிள்ளைகள் முடிக்கவே முடியாதா? முடியும். அதற்கும் சாட்சி இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் அசாப் என்ற திட்டத்தைத் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. உதவித்தொகைக்கும் கட்டணத்துக்கும் நடுவில் துண்டு விழுவதைக் கல்லூரி கட்டும். பாடப்புத்தகம் கிடைக்கும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாதம்தோறும் பயண அட்டை கிடைக்கும். ஒரு ஆலோசகரிடம் குறைந்த எண்ணிக்கையில் மாணவர்கள், அடிக்கடி நேரில் பார்த்தே ஆகணும். சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். எல்லாருமே ‘தயாராகாதவர்கள்’ என்று முத்திரை வாங்கியவர்கள். மூன்று ஆண்டில் முடித்தவர்கள், திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம். திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம். தலைக்குச் செலவு கூடியது. ஆனால் முடித்தவர்களும் கூடியதால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது.

இதில் என்னைத் தொட்டது அந்தப் பயண அட்டை. ‘திறமை’, ‘தகுதி’, ‘மன உறுதி’ என்றெல்லாம் எழுதித் தள்ளினார்களே, கடைசியில் பாதிப் பேர் நின்றுபோனதற்குக் காரணங்களில் ஒன்று பஸ் காசு! நம்ம பிள்ளைகளைக் கேட்டால் முதல் நாளே சொல்லியிருக்கும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பருவம் முடிந்த பிறகு வந்தால், நடுவில் அந்தப் பிள்ளை யாரிடம் கடன் வாங்கும் என்று எந்தக் கல்விக் குழு கேட்டிருக்கிறது? அசாபில் இருந்த ஆலோசகரும் கிளார்க் பார்த்த ஆலோசகரும் ஒரே வேலையில் இருப்பவர்கள்தான். ஒருவர் ஆறப்போடுகிறார், இன்னொருவர் அணையாமல் பார்த்துக்கொள்கிறார். யார் எதைச் செய்வது என்பது அவர்களுடைய நல்ல மனசால் முடிவாகவில்லை. எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள் போடுகிறாய், அவர் கையில் என்ன கொடுத்து அனுப்புகிறாய் என்பதால் முடிவாகிறது.

அதனால்தான் ‘மாணவர் வெற்றி’ என்ற சொல் மேல் எனக்குச் சந்தேகம். வெற்றி மாணவருடையது என்றால் தோல்வியும் மாணவருடையது ஆகிவிடும். அந்தக் கணக்கு 22இலிருந்து 40 ஆனபோது பிள்ளைகள் மாறவில்லை, கல்லூரி மாறியது. அப்படியானால் ‘கல்லூரியின் வெற்றி’, ‘கல்லூரியின் தோல்வி’ என்றல்லவா பேச வேண்டும்?

5

இந்தக் கல்லூரிகளுக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. வெற்றி அறிக்கைகளில் அது வராது. ஓக்லண்டில், கறுப்பர்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு ஜூனியர் காலேஜ் இருந்தது. பிறகு மெரிட் கல்லூரி என்று பெயர். ஹூயி நியூட்டனும் பாபி சீலும் 1960களின் தொடக்கத்தில் சந்தித்துக்கொண்டது அங்கேதான். கறுப்பர் வரலாற்றைப் பாடமாக வை என்று அங்கே போராடினார்கள். 1966 அக்டோபரில் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். 1971இல் அந்தக் கல்லூரியை நகரத்துக்கு மேலே மலைப்பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கறுப்பு மக்கள் எதிர்த்தும் நடந்தது. ஊருக்குள் இருந்த கல்லூரிக்கு இனி பஸ் பிடிச்சு மலை ஏறணும். ஆறப்போடுவதற்கு இடத்தை மாற்றுவதும் ஒரு வழி.

1969இல் நியூயார்க் சிட்டி கல்லூரியைக் கறுப்பு, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் முற்றுகையிட்ட பிறகுதான் 1970இல் அந்தப் பல்கலைக்கழகம் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. திறந்து ஆறே ஆண்டில், 1976இல், அதுவரை இல்லாத கட்டணத்தைப் போட்டது. அதே நெருக்கடியில் தெற்கு பிராங்க்ஸில் இருந்த ஹோஸ்டோஸ் கம்யூனிட்டி கல்லூரியை மூடப் பார்த்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டிடத்தைப் பிடித்து உட்கார்ந்தார்கள். கல்லூரி இன்றைக்கும் இருக்கிறது. அங்கே இருக்கிற சமபங்கு யாரும் திட்ட அறிக்கையில் எழுதித் தந்தது இல்லை.

ஓக்லண்டிலிருந்து அந்தப் பெயர் பம்பாய்க்கு வந்தது. 1972இல் தலித் பாந்தர் பிறந்தது. அதற்கு முன்பே அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் எழுப்பியிருந்தார். தலித் இலக்கியத்தின் முதல் குரல்கள் பல அந்த மிலிந்த் வளாகத்தைச் சுற்றித்தான் எழுந்தன. அண்ணல் கட்டியது ஒடுக்கப்பட்ட பிள்ளை தொழிலுக்குத் தயாராகிற பட்டறையை அல்ல. சட்டமும் இலக்கியமும் பொருளாதாரமும் அவனுக்கு உரியது என்று சொல்லிக் கட்டிய கல்லூரி.

6

இப்போது நம்ம ஊர். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பிறகு தமிழகம் முழுக்கப் பரவின. படிப்பை விட்டவர்கள், பெண்கள், தலித்துகள், வேலையில்லாதவர்கள் என்று யாரும் எட்டிப் பார்க்காதவர்களைத் தேடிப் போனார்கள். அந்த அக்கறையை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். வாழ்க்கைத்திறன், தொழில்திறன், நேரடிப் பயிற்சி, பெரும்பாலும் ஒரு வருஷ டிப்ளமோ. பலருக்கு முதல் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் அமெரிக்கக் கல்லூரியின் உயிர்நாடியாக இருந்த அந்த ஏணி, இங்கே படித்த இரண்டு ஆண்டைக் கணக்கில் காட்டிப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குப் போகிற ஏணி, கப்பலில் ஏறவே இல்லை. தொழில் பாதி மட்டும் வந்து இறங்கியது. என் சித்தப்பா மகள் இப்படி ஒரு இடத்தில் நர்ஸிங் உதவியாளர் படிப்பு முடித்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட். ஒருநாள் கேட்டாள்: ‘அண்ணே, நான் படிச்ச ஒரு வருஷத்தக் கழிச்சுக்கிட்டு நர்ஸ் டிகிரில சேத்துக்குவாங்களா?’ இல்லம்மா என்றேன். ‘அப்ப அந்த ஒரு வருஷம் எதுல சேரும்?’ என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஏணி போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பாலிடெக்னிக் முடித்தவர்கள் பி.ஈ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேருவது இங்கே பல காலமாக நடக்கிறது. மனசு வைத்த இடத்தில் ஏணி இருக்கிறது. இன்னொரு பக்கம், 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஒரு வருஷத்தில் நின்றால் சான்றிதழ், இரண்டு வருஷத்தில் நின்றால் டிப்ளமோ என்று கல்லூரியிலேயே வெளியேறும் வாசல்களை வரிசையாக வைத்திருக்கிறது. நின்றவர்கள் திரும்ப வரலாம் என்கிறார்கள். காசில்லாமல் நின்றவனுக்குத் திரும்பி வரக் காசு யார் கொடுப்பார்கள் என்று அதில் தேடிப் பார்த்தேன். இடைநிற்றலுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அது இடைநிற்றல் இல்லை. ஆறப்போடுவதில் இது அடுத்த கட்டம்.

தோழர்களே, மாணவர்களே, அடுத்த முறை ‘சமபங்கு’ என்று யாராவது மேடை போட்டால் கைதட்டுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்போம். சேர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் முடித்தார்கள், சாதிவாரியாகக் கணக்குக் காட்டு. நின்றவர்கள் எந்த மாதத்தில் நின்றார்கள்? அந்த மாதம் உதவித்தொகை வந்ததா? இந்தப் படிப்பு எந்தப் பட்டத்தின் எந்த ஆண்டில் கொண்டுபோய் விடும், எழுத்தில் கொடு. எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆலோசகர்? ஈக்விட்டி என்றால் பங்குச் சந்தையில் பங்கு என்றுதான் பொருள். நாமும் பங்குதான் கேட்கிறோம்.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். ஜூன் மாதம் விண்ணப்பம் வாங்கப் போய் வெறுங்கையோடு பஸ் ஏறுகிற பிள்ளை ஒவ்வொரு சேரியிலும் ஒன்றாவது இருக்கும். ‘நீ ஏண்டா ஃபாரம் வாங்கல?’ என்று கேட்க ஒரு ஆள் வேணும். விடுதித் தோழர்கள் அந்த வேலையை இந்த வருஷமே எடுத்துக்கொள்ள வேண்டும்.